பேர் வெட்டிய இஞ்சின்

எங்கள் தெருவில் மெட்டில்டாவைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கட்டின புருஷனைப் பத்துப் பேர் கூடியிருந்த மண்டபத்தில் தலைகுனிய வைத்தவள் என்பது ஒரு கட்சி. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சியில் ரொம்ப காலத்துக்கு ஆள் குறைவு. நான் ஆரம்பத்திலிருந்தே அதில் இருக்கிறேன். எதிர்வீடு என்பதால் நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவள் புருஷன் ஹென்றி வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏறினால் திரும்பி வர ஒரு வருஷமாகும், சில தடவை அதற்கும் மேலே ஆகும். வரும்போது சென்ட்டும் டிரான்சிஸ்டரும் பாலியெஸ்டர் துணியும் கொண்டுவருவான். தூத்துக்குடியில் எல்லாக் கப்பல்காரர்களும் கொண்டுவருவதுதான். 1971-ல் வந்தபோது மட்டும் கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. லிவர்பூலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினானாம். உள்ளே பித்தளைத் தகடுகள், சக்கரங்கள், மெல்லிய கம்பிகள், கடுகு போலத் திருகாணிகள், கைக்கு அடக்கமான ஒரு கொதிகலன், மடித்து வைத்த படங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டினால் முழங்கை நீளத்துக்கு ஒரு நீராவி ரயில் இஞ்சின் வரும். சும்மா பார்த்துக்கொண்டிருக்க அல்ல. தண்ணீர் ஊற்றி அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜ இஞ்சின் மாதிரியே ஓடும்.

ஹென்றி மேசை நிறையப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். கப்பல் இஞ்சினோடு காலம் தள்ளுகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று அவனுக்கு நினைப்பு. ஆனால் கப்பலில் அவன் வேலை எண்ணெய் விடுவதும் வால்வு திருப்புவதும்தான். தகடு பற்றவைத்துப் பழக்கமில்லை. டிரைவர் நிற்கும் கூண்டின் பக்கத் தகட்டைப் பற்றவைக்கப் போய், சூடு அதிகமாகி, தகடு பொரித்த அப்பளமாக நெளிந்துவிட்டது. கொதிகலனின் மேலுறை கோணலாக ஒட்டிக்கொண்டது. ஈயம் எந்த இடத்திலும் பிடிக்காமல் உருண்டு உருண்டு தரையில் விழுந்தது.

மெட்டில்டா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கன்னியர் மடத்தில் லேஸ் பின்னப் பழகியவள். நுணுக்கமான எதைக் கண்டாலும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு கம்பியை எடுத்து, இது இந்த ஓட்டைக்குள் வரவேண்டியது இல்லையா என்று கேட்டாள். ஹென்றி அதை வெடுக்கென்று வாங்கிப் பெட்டிக்குள் போட்டான்.

“இது பொம்பள கை வைக்குத சாமான் இல்லளா. போய் உலையப் பாரு.”

அந்த வாரமே பெட்டி பரணுக்குப் போயிற்று. லீவு முடிந்ததும் ஹென்றி கப்பலுக்குப் போனான்.

அதற்கப்புறம் வீட்டில் மெட்டில்டாவும் ஹென்றியின் அக்காள் பிளாரன்ஸும்தான். பிளாரன்ஸ் கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி என்றால் உயிர். தம்பி பெண்டாட்டியிடமும் பிரியம்தான். ஆனால் அந்தப் பிரியத்துக்கு மெட்டில்டா ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் ஒருநாள் பம்ப் ஸ்டவ்வின் எண்ணெய்த் தொட்டியில் கசிவு கண்டது. மெட்டில்டா அதைத் தூக்கிக்கொண்டு காசிலிங்கம் அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஸ்டவ்வும் பழுது பார்க்கிற கடை. கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் வாடகைக்கு விளக்கு அனுப்புவதும் அங்கிருந்துதான். அண்ணாச்சி வேலை செய்வதை அவள் நின்றபடி பார்த்தாள். அவர் முதலில் பித்தளையைத் தேய்த்தார். அழுக்கும் பாசியும் போய்த் தங்கம் மாதிரிப் பளிச்சென்று வந்த பிறகு திராவகத்தைத் தொட்டுத் தடவினார். அதன் பிறகுதான் சூடு. ஈயம் வைத்த இடத்தில் தண்ணீர் போலப் பரவி நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

தன் புருஷன் தகட்டைத் தேய்க்கவே இல்லை என்பது அவளுக்கு அங்கே நிற்கும்போதே உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் ஸ்டவ்வை வாசலிலேயே வைத்துவிட்டு, பெட்டியை இறக்கப் பரணில் ஏறினாள்.

அண்ணாச்சியிடம் போய் இந்த வேலையைக் காட்டித்தரச் சொல்லிக் கேட்டாள். அவர் சிரித்தார். பொம்பளைப் பிள்ளைக்குத் திராவகமும் நெருப்பும் எதற்கு, நாளைக்கு முகத்தில் தெறித்தால் உன் மாப்பிள்ளைக்கு யார் பதில் சொல்வது என்றார். கற்றுத்தர வேண்டாம், ஈயமும் திராவகமும் கொடுங்கள், நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றாள் மெட்டில்டா. வாசலில் நிற்பதை அவர் எப்படித் தடுக்க முடியும்? முனிசிபாலிட்டி ரோடு அது. அவள் நின்றாள். மீன் வாங்கப் போகும்போது நின்றாள், பூசை முடிந்து வரும்போது நின்றாள். கடைசியில் அவரே, “உள்ள வந்து உக்காந்து பாரு தங்கச்சி, வெயில்ல நிக்காத” என்றார்.

வீட்டில் காலி பிஸ்கட் டின்களை வெட்டி ஒட்டிப் பழகினாள். கரி அடுப்பில் பற்றவைக்கும் இரும்பைக் காயவைத்து, எடுத்து, ஒட்டினாள். ஒட்டியதைப் பிரித்தாள். மறுபடி ஒட்டினாள். ஒருமுறை கை தவறி இரும்பு இடது மணிக்கட்டில் பட்டுவிட்டது. வளையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு இன்றைக்கும் உண்டு. பித்தளையைச் சுத்தம் செய்ய மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. புளியை வைத்துத் தேய்த்தாள். குத்துவிளக்கும் குடமும் தேய்க்கிற ஊரில் பெண்ணுக்கு அதை யார் சொல்லித்தர வேண்டும்?

கை படிந்ததும் முதல் வேலையாக ஹென்றி ஒட்டியதையெல்லாம் பிரித்தெடுத்தாள். கோணிய உறையைச் சூடுகாட்டிக் கழற்றி நேராக்கினாள். கூண்டின் பக்கத் தகடு தேறாது என்று தெரிந்ததும் அண்ணாச்சி கடையில் ஓட்டை விழுந்து மூலையில் கிடந்த ஒரு பெட்ரோமாக்ஸ் தொட்டியைக் கேட்டு வாங்கினாள். அதை வெட்டிப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் பித்தளை இளகிவிடும் என்பதைக் கடையில் பார்த்திருந்தாள். மரச்சுத்தியால் தட்டிச் சமமாக்கினாள். படத்தின் மேல் வைத்து வரைந்து, நகை செய்கிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி மெல்லிய ரம்பத்தால் அறுத்தாள். சன்னல் வைத்தாள். ஓரத்தில் ஆணித்தலைகள் வரிசையாக இருப்பதுபோல் பின்பக்கத்திலிருந்து புள்ளி புள்ளியாகக் குத்திப் புடைக்க வைத்தாள். லேஸ் பின்னுகிறவளுக்கு ஒரே அளவில் இடைவெளி விடுவது பெரிய காரியமில்லை.

அந்தக் கூண்டின் இரு பக்கமும் அவள் இன்னொன்றும் செய்தாள். புதுப் பாத்திரம் வாங்கினால் கடையில் உளியால் பேர் வெட்டித் தருவார்கள் அல்லவா, அதே மாதிரி ஒரு ஆணியைக் கூராக்கி, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி, மெட்டில்டா என்று வெட்டினாள். படத்தில் அந்த இடத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் பேர் போட்டிருந்தது.

பிளாரன்ஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கரிப்புகை என்றாள், திராவக நாற்றம் என்றாள், தம்பி தொடாதே என்று சொன்ன பொருள் என்றாள். தெருக் குழாயடியில் விஷயம் பரவியது. மெட்டில்டாவுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சேர்த்து வைத்து ஒருத்தி ஒருநாள் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள், பிள்ளை இல்லாதவள் பொம்மை செய்கிறாள் என்று. எல்லாருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. மெட்டில்டா தன் குடம் நிறையும்வரை அங்கேயே நின்றாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“பொம்ம இல்ல. இஞ்சின்.”

அவ்வளவுதான். ஆனால் இஞ்சின் ஓடவில்லை. எல்லாம் பூட்டியாயிற்று. சக்கரங்களை இணைக்கும் தண்டுகள், புகைபோக்கி, கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தண்ணீர் ஊற்றி விளக்கேற்றினால் ஆவி வந்தது. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது, நின்றது. தள்ளிவிட்டால் இன்னொரு அரைச் சுற்று, மறுபடி நின்றது. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துப் படத்தில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. பல நாள் அது மேசையின் மேல் பிடிவாதம் பிடித்துக்கொண்டு நின்றது. பிளாரன்ஸுக்கு நிம்மதி. இனி பெட்டிக்குள் போய்விடும் என்று நினைத்தாள்.

மெட்டில்டா பழைய துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதைக்குப் போனாள். அங்கே கேட் பக்கத்தில் சரக்குப் பெட்டிகளை இழுக்கும் நீராவி இஞ்சின் வந்து நிற்பதுண்டு. உப்பு மூட்டையும் பஞ்சு மூட்டையும் ஏற்றிய பெட்டிகளோடு அன்றும் நின்றது. அவள் சக்கரத்துத் தண்டுகளை உற்றுப் பார்த்தாள். இந்தப் பக்கத்தில் தண்டு கீழே இறங்கி இருந்தது. படத்திலும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு பக்கம்தான் வரைந்திருந்தது. அந்தப் பக்கம் எப்படி என்று தெரியவேண்டுமே. மீன் கூடையோடு இஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் போனாள். கேட்காரர் சாவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கத்தினார். டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மறுபக்கத்துத் தண்டு கீழே இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கால் சுற்று தள்ளி.

அப்படியானால் ஒரு பக்கம் திணறி நிற்கும்போது மறுபக்கம் தள்ளிவிடும். இவள் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் பூட்டியிருந்தாள், இரண்டும் ஒரே நேரத்தில் திணறி நின்றன. கேட்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். “சாவ வரல அண்ணாச்சி, பாக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கூடையில் இருந்த சாளை மீன் அன்று மத்தியானம் வரை கழுவாமலே கிடந்தது. பிளாரன்ஸ் அதை ரொம்ப நாள் சொல்லிக்காட்டினாள்.

சக்கரங்களைக் கழற்றி மாற்றிப் பூட்டியபின் அது ஓடியது. வாசற்படியிலிருந்து அடுக்களை வரை பலகை போட்டு, பெட்டியோடு வந்த தண்டவாளத் துண்டுகளை அதன்மேல் பதித்திருந்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கிற தண்ணீரைக் கொதிகலனில் ஊற்றினாள். நான் அன்று அங்கே இருந்தேன். முதலில் கொதிக்கிற சத்தம், பிறகு புகைபோக்கியில் வெள்ளையாக ஒரு மூச்சு. சக்கரம் தயங்கியது, தாண்டியது, சுற்றிக்கொண்டே போனது. மெட்டில்டா அடுக்களை ஓரத்தில் குந்தியிருந்து அதைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டிருக்கும். அவள் முகத்தில் தெரியவில்லை. பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு, வீடு எரியாமல் போனதே என்றாள்.

ஹென்றி 1973 கடைசியில் வந்தான். மேசையில் நின்ற இஞ்சினை நெடுநேரம் பார்த்தான். யார் செய்தது, காசிலிங்கமா என்று கேட்டான். நான்தான் என்றாள். அவன் சிரித்தான். அவள் ஓட்டிக் காட்டினாள். நல்லாத்தான் இருக்கு என்றான். எப்படிச் செய்தாய் என்று மட்டும் அவன் கேட்கவே இல்லை. அதை அப்போது தான் கவனிக்கவில்லை என்று மெட்டில்டா பிறகு என்னிடம் சொன்னாள். அவன் நல்லாயிருக்கு என்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் கப்பல்காரர்கள் சங்கத்துக்கு ஆண்டுவிழா வந்தது. சனியும் ஞாயிறும் மண்டபத்தில் கண்காட்சி. உறுப்பினர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுப் பொருள்களையும் அவர்கள் கைவேலைகளையும் வைப்பார்கள். இஞ்சினைக் கொண்டுபோகட்டுமா என்று ஹென்றி கேட்டான். மெட்டில்டாவுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். புளி போட்டுத் தேய்த்து, பழைய பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஹென்றி சொல்லியிருந்தான்.

தம்பியின் பெருமையைப் பார்க்க ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் பிளாரன்ஸ் சனிக்கிழமையே போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் மெட்டில்டாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

“நீ குடுத்து வச்சவளா. எம்புட்டுக் கூட்டம். அவன் செஞ்ச இஞ்சினைப் பாத்து ஊரே மூக்குல விரல வைக்கி. பொண்டாட்டி பேரையே வச்சிருக்கியான்னு எல்லாரும் கை தட்டுதாங்க.”

மெட்டில்டா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“அவுக செஞ்சதா? மதினி, நீங்க இங்கனதான இருந்தீக. யாரு செஞ்சான்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்ளா. தெரியாம என்ன. ஆம்பள நாலு பேரு முன்னால சொல்லுதான், இருந்துட்டுப் போவட்டுமே. ஓம்பேருதான அதுல இருக்கு?”

உன் பேர்தானே இருக்கிறது என்றதுதான் மெட்டில்டாவுக்கு ஆறவில்லை. தான் செய்தேன் என்பதற்காக அவள் வெட்டிய பேர், அவன் வாயில் அவன் பாசத்துக்கு அடையாளமாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஹென்றி வந்தபோது வழக்கம்போல் சோறு போட்டாள். தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முக்காட்டை இறக்காமலே நேராக மண்டபத்துக்குப் போனாள். இஞ்சின் நடு மேசையில் இருந்தது. அதன் முன்னால் ஒரு அட்டை. அதில் அவன் பேர், அதற்குக் கீழே “சொந்தக் கைவேலை”. ஹென்றி பக்கத்தில் நின்று, பெட்ரோமாக்ஸ் தொட்டியை வெட்டித் தகடு செய்த கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கதையை அவள்தான் அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

சங்கச் செயலாளர் தேவபிரசாதம் அவளைப் பார்த்து, இஞ்சினுக்குச் சொந்தக்காரி வந்துவிட்டார்கள், வழி விடுங்கள் என்று தமாஷாகச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள்.

“ஆமா, சொந்தக்காரிதான்” என்றாள் மெட்டில்டா. “இது நான் செஞ்சது. எம்பேரு அதுல இருக்கது அதுக்குத்தான்.”

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து மேசைவரை பேச்சு நின்றுபோயிற்று. ஹென்றியின் முகம் சுண்டிவிட்டது. தேவபிரசாதம் நல்ல மனுஷர். சமாளிக்கப் பார்த்தார்.

“புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணுதானம்மா. இதுல யாரு செஞ்சா என்ன?”

“அப்ப அட்டையில எம்பேர எழுதுங்க. ஒண்ணுதான?”

அவர் திரும்பி ஹென்றியைப் பார்த்தார். ஹென்றி பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போ, அப்புறம் பேசலாம் என்றான். அவள் மேலும் கொஞ்சம் காத்து நின்றாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும் என்று பின்னாளில் சொன்னாள். அட்டையை மாற்ற வேண்டாம், ஆமா என்று தலையை ஆட்டியிருந்தால் போதுமாம். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் இஞ்சினை மேசையிலிருந்து தூக்கினாள். தண்ணீர்க் குடத்தை வைக்கிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அட்டையையும் மேசையையும் புருஷனையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோட்டில் கூட்டம். கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள், பீச்சுக்குப் போகிறவர்கள், வாடகைச் சைக்கிளில் பையன்கள். பித்தளை வெயிலில் தகதகத்துக்கொண்டு அவள் இடுப்பில் வந்தது. என்னக்கா பொம்மை எங்கே போகிறது என்று ஒருவன் கேட்டான். இஞ்சின் வீட்டுக்குப் போகிறது என்று நிற்காமலே சொன்னாள்.

வீட்டுக்கு வந்தவள் உள்ளே போய் உட்கார்ந்து அழுதிருந்தால் ஊர் அவளை மன்னித்திருக்கும். அவள் பலகைகளைத் தூக்கித் தெருவில் போட்டாள். தண்டவாளத்தைப் பதித்தாள். தண்ணீர் ஊற்றி, நடுப்பகலில், நடுத்தெருவில், விளக்கை ஏற்றினாள். பிளாரன்ஸ் சன்னலைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம். குழாயடியில் பேசியவளும் வந்தாள். இஞ்சின் ஓடியது. மெட்டில்டா ஒரு முனையில் பிடித்துத் திருப்பி வைத்து மறுபடி ஓட விட்டாள். கேட்டவர்களுக்கு மட்டும், நான் செய்தது என்றாள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஹென்றி தெருமுனையில் வந்தான். கூட்டம் விலகியது. அவன் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“பத்துப் பேரு முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டியே.”

“நீங்க என்னைய அசிங்கப்படுத்துனது ஒங்களுக்குத் தெரியவே இல்லையா?” என்றாள் அவள். “கப்பல்ல நீங்க பாக்குத வேலைய நான் பாத்தேன்னு எங்கயாவது சொல்லிருக்கனா? இது ஒண்ணுதான் நான் செஞ்சேன். அதையும் எடுத்துக்கிட்டீகளே.”

ஹென்றி கோபக்காரன். அடிக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். மெட்டில்டா இஞ்சினின் விளக்கை ஊதி அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஆனாலும் நகரவில்லை. அவன் பலகையைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

லீவு முடியும்வரை அவன் அவளிடம் பேசவில்லை. சொந்தக்காரர்கள் வந்து மெட்டில்டாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். பொய் சொன்னது நான் இல்லையே என்று எல்லாருக்கும் ஒரே பதில். லேஞ்சிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிளாரன்ஸும் கேட்டாள், அவளுக்கும் அதே பதில். கப்பல் ஏறப் போகிற அன்று ஹென்றி அக்காளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினான். மெட்டில்டா வழக்கம்போல் அவனுக்கு வழிச்சோறு கட்டி வாசல் மேசையில் வைத்திருந்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டான். அன்று அவள் அழுதாள். தைரியசாலி என்று சொல்கிறேனே தவிர, அவளுக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

தெருவில் இஞ்சின் ஓடியதில் ஒரு காரியம் நடந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அவள் கை என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டது. முதலில் ஒருத்தி கசிகிற ஸ்டவ்வைக் கொண்டுவந்தாள். பிறகு இன்னொருத்தி. கடைத்தெருவில் ஆண்களுக்கு நடுவே காத்துக்கொண்டு நிற்பதைவிட இங்கே வந்து, அடுப்பைக் கொடுத்துவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம். கொஞ்ச நாளில் விளக்குகளும் வந்தன. மெட்டில்டா வீட்டு வாசலை ஒட்டிச் சின்னதாகக் கூரை இறக்கி, ஒரு பெஞ்சு போட்டு, கடையே வைத்துவிட்டாள்.

காசிலிங்கம் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. வந்து வாசலில் நின்றார். என்னிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழிலை என் பக்கத்திலேயே செய்கிறாயே தங்கச்சி என்றார். நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கமாட்டேன் அண்ணாச்சி, ஆனால் கடையை மூடவும் மாட்டேன் என்றாள் அவள். அவர் கோபித்துக்கொண்டு போனார். அவர் கோபம் ஒரு மழைக்காலம் வரை இருந்தது. புயலில் மின்சாரம் இல்லாமல் ஊரே விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது இரண்டு கடையிலும் வேலை குவிந்தது. ஈயம் தீர்ந்துபோய் அவரே ஆளனுப்பிக் கேட்டார். அவள் கொடுத்தாள்.

ஹென்றி அடுத்த முறை வந்தபோது வாசலில் கடை இருந்தது. பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி உள்ளே போனான். சில நாள் கழித்து அவனோடு கப்பலில் இருக்கிற வளன் என்பவன் சாப்பிட வந்தான். அலமாரியின் மேல் இருந்த இஞ்சினைப் பார்த்துவிட்டு, நீ செய்தது என்று அன்றைக்குச் சொன்னாயே, இதுவா என்று கேட்டான். மெட்டில்டா குழம்புக் கரண்டியோடு நின்றாள். பிளாரன்ஸ் தம்பியைப் பார்த்தாள்.

ஹென்றி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான்.

“அவ செஞ்சது” என்றான். “நான் வாங்குனதோட சரி.”

மெட்டில்டா அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அவர்களுக்குள் சமாதானம் அவ்வளவில்தான் நடந்தது. அவன் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் அவன் லீவில் வந்தால் கடைப்பக்கம் போகும்போது, உள்ளே வரலாமா என்பது மாதிரி ஒரு நொடி நிற்பான். அதை நான் எதிர்வீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன்.

1978-ல் முதுகு வலியோடு கப்பலை விட்டுவிட்டு வந்தான். இஞ்சின் அறையின் சூட்டில் வெந்த உடம்பு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அடுக்களைப் பக்கம் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். கப்பலில் கற்றுக்கொண்ட சமையலோ என்னவோ, கருவாட்டுக் குழம்பு அவன் கையில் நன்றாக வரும். பிளாரன்ஸ் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அமைதியானாள்.

போன வாரம் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கொடைக்கு வேண்டிய விளக்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊருக்குப் புதுசு. பெஞ்சில் உட்கார்ந்து தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த மெட்டில்டாவைப் பார்த்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தார். அம்மா, கடையில் ஆம்பிளை யாரும் இல்லையா என்று கேட்டார்.

“இருக்காரு. உள்ள மீன் ஆயுதாரு” என்றாள் மெட்டில்டா. “அவருக்கு இந்த வேல தெரியாது. விளக்க இங்கன வையிங்க, பாப்போம்.”